வாழ்ந்து கெட்ட வீடுகளைத் தேடி: மிசிசிப்பியில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: ஆக்ஸ்ஃபோர்டு

மெம்ஃபிஸில் இருக்கும் தங்கை மகன் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினோம். தெற்கே போகும் நெடுஞ்சாலையில் இறங்கி, பேட்ஸ்வில் என்ற ஊரில் கிழக்கே திரும்பினால் ஒன்றரை மணி நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டு. அக்டோபர் மாதம் என்பதால் வழியில் பருத்தி வெடித்து நிற்கிறது. குட்ஸு என்ற கொடி சாலையோர மரங்கள்மேல் ஏறி மொத்தமாக மூடியிருக்கிறது. எது மரம், எது இடிந்த கொட்டகை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கதையில வர்ற ஊரைப் பார்க்கவா பெரியம்மா இவ்வளவு தூரம்?" என்று கேட்டான் பையன். ஆமாம், அதற்காகத்தான் வந்தேன். இருபத்தாறு வருடம் எம்.ஏ. மாணவர்களுக்கு அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரின் 'எ ரோஸ் ஃபார் எமிலி' சிறுகதையை நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் அந்த ஊரின் வரைபடம் போட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை.

கதையில் ஊரின் பெயர் ஜெஃபர்சன், மாவட்டத்தின் பெயர் யோக்னபடாஃபா. இரண்டும் தன் ஊரான ஆக்ஸ்ஃபோர்டை மனதில் வைத்து ஃபாக்னர் உண்டாக்கியவை. 1936இல் வந்த 'அப்சலோம், அப்சலோம்!' நாவலின் கடைசியில் அந்த மாவட்டத்துக்கு அவரே ஒரு வரைபடம் வரைந்து சேர்த்தார். பரப்பு 2,400 சதுர மைல், வெள்ளையர் 6,298 பேர், கறுப்பினத்தவர் 9,313 பேர் என்று எழுதி, ஒரே உரிமையாளர் வில்லியம் ஃபாக்னர் என்று கையெழுத்தும் போட்டிருந்தார். பத்து பேரில் ஆறு பேர் கறுப்பினத்தவர் என்று அவரே எண்ணி வைத்திருக்கிறார். இந்தக் கணக்கை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் சதுக்கத்துக்குப் போனோம். நடுவில் நீதிமன்றம், நான்கு பக்கமும் மாடியில் வராந்தா வைத்த கடைகள். உள்நாட்டுப் போரில் 1864இல் வடக்குப் படை இந்தச் சதுக்கத்தை எரித்தது. இப்போது நிற்பது அதற்குப் பின் கட்டிய நீதிமன்றம். அதன் தெற்குப் பக்கத்தில் 1907இல் வைத்த, அந்தப் போரில் தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்புக்காகச் சண்டையிட்ட படைவீரனின் சிலை, உயரமான கல்தூண்மேல் நிற்கிறது. அங்கேதான் வெகுநேரம் நின்றேன்.

'தி சவுண்ட் அண்ட் த ஃப்யூரி' நாவல் (1929) முடிவது இந்த இடத்தில்தான். காம்ப்ஸன் குடும்பம் வாழ்ந்து கெட்ட குடும்பம். ஒரு காலத்தில் ஆளுநரும் படைத்தளபதியும் இருந்த வம்சம். மகள் கேடியின் கல்யாணத்துக்கும் மூத்த மகன் க்வென்டினின் ஹார்வர்டு படிப்புக்கும் மேய்ச்சல் நிலத்தை விற்கிறார்கள். வாங்கியவர்கள் அதைக் கோல்ஃப் மைதானம் ஆக்குகிறார்கள். க்வென்டின் 1910இல் தற்கொலை செய்துகொள்கிறான். கேடியையும் வீடு இழக்கிறது. மனவளர்ச்சி குன்றிய கடைசி மகன் பெஞ்சி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, மைதானத்தில் யாராவது 'கேடி' என்று கூப்பிடும்போதெல்லாம் அழுகிறான். அவர்கள் கூப்பிடுவது மட்டை தூக்கும் பையனை. அவனுக்குக் கேட்பது அக்காவின் பெயர். நிலத்தை விற்ற கதையை இதைவிடக் கனமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

கடைசிக் காட்சியில் வேலைக்காரப் பையன் லஸ்டர் குதிரை வண்டியில் பெஞ்சியைக் கல்லறைக்கு அழைத்துப் போகிறான். சிலைக்கு வலப்பக்கமாகத் திருப்ப வேண்டியவன் இடப்பக்கமாகத் திருப்பிவிடுகிறான். பெஞ்சி ஊரே கேட்க அலறுகிறான். அண்ணன் ஜேஸன் ஓடிவந்து லஸ்டரை அடித்து, வண்டியைத் திருப்புகிறான். கடைகளும் தூண்களும் வழக்கமான வரிசையில் கண்ணைக் கடந்ததும் அலறல் நிற்கிறது.

இன்றும் வண்டிகள் வலப்பக்கமாகத்தான் சுற்றுகின்றன. பையனை இரண்டு முறை சுற்றச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் சுற்றினான். அடி வாங்கியது லஸ்டர் என்பது இரண்டாவது சுற்றில்தான் மனதில் உறைத்தது. அதுவரை நான் பெஞ்சியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள்: ரோவன் ஓக்

ஃபாக்னரின் வீடு. வாசலுக்குப் போகும் பாதையின் இருபுறமும் பழைய சீடர் மரங்கள். முன்பக்கம் நான்கு வெள்ளைத் தூண்கள். 1840களில் ராபர்ட் ஷீகாக் என்ற அயர்லாந்துக்காரர் கட்டியது. அவர் அடிமைகளை வைத்திருந்தவர். 1930இல் ஃபாக்னர் இதை 6,000 டாலருக்கு, தவணையில் வாங்கினார். அப்போது வீட்டில் மின்சாரம் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. ஏணி வைத்து ஏறிப் பாதி வேலையை அவரே செய்தார்.

காசில்லாத ஓர் எழுத்தாளர் இடிந்துபோன ஒரு பெரிய வீட்டை ஏன் வாங்கினார்? அவர் குடும்பக் கதை தெரிந்தால் புரியும். கொள்ளுத்தாத்தா ஒரு கர்னல், சொந்தமாக ரயில் பாதை போட்டவர். தாத்தா வக்கீல், வங்கி தொடங்கியவர், ஆனால் 1902இல் ரயில் பாதையை விற்றுவிட்டார். அந்த ரயிலையே வாழ்க்கையாக நினைத்திருந்த அப்பா அதன் பிறகு வாடகைக் குதிரை லாயம் வைத்தார், இரும்புச் சாமான் கடை வைத்தார், கடைசியில் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலைக்குப் போனார். தலைமுறைக்கு ஒரு படியாக இறங்கிய குடும்பம். நான்காம் தலைமுறைப் பையனோ பல்கலைக்கழகத் தபால் நிலையத்தில் உட்கார்ந்து, வந்தவர்களைக் கவனிக்காமல் படித்துக்கொண்டிருந்தான். ஊரார் அவனுக்கு 'ஒன்றுக்கும் உதவாத பிரபு' என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்தார்கள். ஊர்க்கண் தன்மேல் விழுவது எப்படியிருக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணையே எடுத்துத்தான் எமிலி கதையை எழுதினார்.

எழுதும் அறையில் அவருடைய தட்டச்சு இயந்திரம் இருக்கிறது. சுவரில் 'எ ஃபேபிள்' நாவலின் சுருக்கத்தை, திங்கள் செவ்வாய் என்று கிழமை வாரியாகப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். தொலைபேசி பக்கத்துச் சுவரிலும் எண்களைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் அப்பா அப்படித்தான் எழுதி வைப்பார்.

பின்பக்கம் வந்தால் ஒரு சிறு வீடு. கேரலைன் பார் இருந்த இடம். அடிமையாகப் பிறந்து, ஃபாக்னர் சகோதரர்களைத் தூக்கி வளர்த்தவர். 1940இல், ஏறத்தாழ நூறு வயதில் இறந்தார். பெரிய வீட்டின் வரவேற்பறையில் உடலை வைத்து ஃபாக்னரே இரங்கல் உரை பேசினார். இரண்டு வருடம் கழித்து 'கோ டவுன், மோசஸ்' நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். காம்ப்ஸன் வீட்டைத் தாங்கிப் பிடிக்கும் சமையல்காரி டில்ஸியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவர் பெயரைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

பெரிய வீட்டின் பின்வாசலிலிருந்து அந்தச் சிறு வீட்டுக்கு நடந்தேன். நடக்கும்போது ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள்.

எமிலி கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எமிலி கிரியர்சன் பழைய பெருங்குடும்பத்தின் கடைசி வாரிசு. அப்பா செத்ததும் வீடு மட்டும் மிஞ்சுகிறது. அப்பா ஊருக்குக் கடன் கொடுத்திருந்தார் என்று இல்லாத கதை ஒன்றைக் கட்டி, ஊர் மேயர் கர்னல் சார்ட்டோரிஸ் 1894இல் அவளுடைய வரியைத் தள்ளுபடி செய்கிறார். வடக்கிலிருந்து வந்த ஹோமர் பேரன் என்ற மேஸ்திரியோடு அவள் பழகுகிறாள். அவள் விஷம் வாங்குகிறாள். அவன் காணாமல் போகிறான். வீட்டிலிருந்து நாற்றம் வருகிறது. ஒரு பெண்மணியிடம் அவள் முகத்துக்கு நேராக நாறுகிறது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டு, ஊர்ப் பெரியவர்கள் இரவில் திருடர்கள்போல் போய்ச் சுண்ணாம்பு தூவிவிட்டு வருகிறார்கள். அவள் செத்த பிறகு மாடியறையை உடைத்துப் பார்த்தால் படுக்கையில் அவன் எலும்பாகக் கிடக்கிறான், பக்கத்துத் தலையணையில் ஒரு நீண்ட நரைமுடி.

கதை முழுக்கச் சொல்வது 'நாங்கள்'. ஊரே ஒரு குரலாகப் பேசுகிறது. அந்த அறையை நாற்பது வருடமாக யாரும் பார்க்கவில்லை, உடைத்துத்தான் திறக்க வேண்டும் என்று 'நாங்கள்' முன்பே தெரிந்து வைத்திருக்கிறது. எல்லாம் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களின் இந்த மௌனத்தைப் பற்றித்தான் நான் வருடா வருடம் ஒன்றரை மணி நேரம் பேசுவேன்.

அந்த வீட்டில் டோப் என்று ஒரு கறுப்பின வேலைக்காரன். தோட்டமும் சமையலும் அவன்தான். கடைக்கூடையோடு போய் வந்து போய் வந்தே கூன் விழுந்து நரைக்கிறான். யாரிடமும் பேசுவதில்லை, அவன் குரலே துருப்பிடித்துவிட்டது என்று ஊர் சொல்கிறது. நாற்றம் வந்தபோதும் அவன் கொன்று போட்ட பாம்போ எலியோதான் காரணமாக இருக்கும் என்கிறார் நீதிபதி. எமிலி செத்ததும் அவன் முன்கதவைத் திறந்து ஊர்ப் பெண்களை உள்ளே விடுகிறான். பிறகு வீட்டின் ஊடே நேராக நடந்து பின்வாசல் வழியே வெளியேறுகிறான். அப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை.

"மேடம், டோப் எங்கே போனான்?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். பதினைந்து வருடம் இருக்கும். "அது கதைக்கு முக்கியமில்லைம்மா, உட்கார்" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். மணியடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது, பாடத்தை முடிக்க வேண்டும். இருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மூன்றாம் நாள்: கல்லறையும் ஃப்ரீட்மென் டவுனும்

செயின்ட் பீட்டர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் ஃபாக்னரின் கல்லுக்கு விஸ்கி புட்டி வைத்துவிட்டுப் போவது வாசகர்கள் வழக்கம். நான் ஒரு பருத்திக் காயை வைத்தேன்.

அதே கல்லறைத் தோட்டத்தில், கறுப்பினத்தவர் பகுதியில், கேரலைன் பாரின் கல். அவருடைய வெள்ளைப் பிள்ளைகள் அவரை வாழ்த்துகிறார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. ஃபாக்னரின் அன்பை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் கேரலைன் வயிற்றில் பிறந்தவர்களைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல்கூட இல்லை. திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பிறகு காம்ப்ஸன் வீட்டுக்கு முன்மாதிரி என்று ஊரார் காட்டும் தாம்ஸன்-சாண்ட்லர் வீடு. போருக்குச் சற்று முன் கட்டியது. மனவளர்ச்சி குன்றிய மகன் ஒருவர் அங்கே வாழ்ந்தார். ஃபாக்னரின் முதல் வகுப்பு ஆசிரியையும் அந்தக் குடும்பத்தவர்தான். சிறுவனாக அவர் பார்த்த அந்த முகத்திலிருந்துதான் பெஞ்சி வந்தான் என்கிறார்கள். தெருவில் நின்றபடியே பார்த்தோம். பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மதியத்துக்கு மேல் பையன்தான் ஃப்ரீட்மென் டவுனுக்குப் போகலாம் என்றான். போருக்குப் பின் விடுதலையான குடும்பங்கள் குடியேறிய பகுதி. சதுக்கத்திலிருந்து நடந்தே போகலாம். 1910இல் கட்டிய தேவாலயம் ஒன்று இப்போது பர்ன்ஸ்-பெல்ஃப்ரி அருங்காட்சியகம். ஊரின் கறுப்பின மக்கள் வரலாறு அங்கே இருக்கிறது. காலையில் பெரிய வீடுகளுக்குச் சமைக்கப் போய் இருட்டிய பின் திரும்பியவர்கள் நடந்த தெருக்கள் இவை.

மிசிசிப்பியில் 1860 கணக்கெடுப்பின்படி மொத்தம் 7,91,305 பேர். அதில் அடிமைகள் 4,36,631 பேர். எண்ணாக இதைப் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இந்தத் தெருவில் நிற்கும்போது வேறு மாதிரி இருந்தது.

இன்னொன்றையும் எழுதாமல் இருக்க முடியாது. 1908 செப்டம்பரில் நெல்ஸ் பேட்டன் என்ற கறுப்பினத்தவரை ஒரு கும்பல் சிறையை உடைத்துச் சுட்டுக் கொன்று, உடலைத் தொங்கவிட்டது. நான்தான் தலைமை தாங்கினேன் என்று ஒரு முன்னாள் செனட்டர் பத்திரிகையாளர்களிடம் பெருமையாகச் சொன்னார். ஃபாக்னருக்கு அப்போது பதினோரு வயது நிறையவில்லை, இதே ஊரில்தான் இருந்தார். எமிலிக்கு நாறுகிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு இரவில் சுண்ணாம்பு தூவிய 'நாங்கள்'தான் இதையும் செய்தது. கதையில் அந்த ஊர் வம்பு பேசும், பரிதாபப்படும், மரியாதை பார்க்கும் ஊர். அந்த மரியாதை யாருக்கு உண்டு, யாருக்குக் கிடையாது என்று நான் வகுப்பில் கேட்டதே இல்லை.

இரவு பையன் என் போனில் எமிலி கதையைப் படித்தான். ஒன்றும் சொல்லாமல் தூங்கப் போய்விட்டான்.

நான்காம் நாள்: சாலையில்

ரிப்ளியில் கொள்ளுத்தாத்தா கர்னலின் கல்லறைச் சிலையைப் பார்த்தோம். 1889இல் பழைய தொழில் கூட்டாளி நடுத்தெருவில் அவரைச் சுட்டார், மறுநாள் இறந்தார். அரை மணி நேரம் போதும்.

அங்கிருந்து டுப்பலோ வந்து, நாட்செஸ் ட்ரேஸ் சாலையைப் பிடித்தோம். லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, மணிக்கு 50 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது. பழங்குடிகள் நடந்து உண்டாக்கிய தடம். இந்த வடபகுதி சிக்கசா மக்களின் நிலம். 1832 ஒப்பந்தத்தில் அதை விட்டுக்கொடுக்க வைத்தார்கள். காம்ப்ஸன்களின் சதுர மைல் நிலமும் ஒரு சிக்கசா தலைவனிடமிருந்து வந்ததாகத்தான் ஃபாக்னர் பின்னால் எழுதினார். விற்றவர்களின் துக்கத்தை நாவலாகப் படிக்கிறோம். அவர்களுக்கு முன் அதே நிலத்தை இழந்தவர்கள் ஒரு பத்தியில் கடந்து போகிறார்கள். நாள் முழுக்க மரங்கள்தான். நாட்செஸ் வந்து சேர இருட்டிவிட்டது.

ஐந்தாம் நாள்: நாட்செஸ்

காலையில் லாங்வுட். பருத்தியில் பெரும்பணம் சேர்த்த ஹாலர் நட் 1860இல் தொடங்கிய எண்கோண மாளிகை. ஆறு தளம், உச்சியில் வெங்காயம் போன்ற கோபுரம். 1861இல் போர் வெடித்ததும் பிலடெல்ஃபியாவிலிருந்து வந்த தச்சர்கள் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள். கீழ்த்தளத்தின் ஒன்பது அறைகளை மட்டும் அடிமைகள் முடித்துக் கொடுத்தார்கள். நட் 1864இல் இறந்தார். மனைவியும் பிள்ளைகளும் அந்தக் கீழ்த்தளத்திலேயே வாழ்ந்தார்கள், தலைக்குமேல் ஐந்து தளம் வெறும் செங்கலும் மரச்சட்டமுமாக. மாடி ஏறிப் பார்த்தால் உள்ளே ஓர் அறைகூட இல்லை, வெளிச்சம் மட்டும் மேலேயிருந்து விழுகிறது. நிற்பதற்கு அழகான இடம், சொல்லத்தான் வேண்டும். மனிதர் வாழ்ந்த பகுதி முழுக்க அடிமைகள் முடித்துக் கொடுத்தது என்பதை வெளியே வந்து நின்றபோதுதான் நினைத்துப் பார்த்தேன்.

நான் நாட்செஸ் வந்தது லாங்வுட்டுக்காக மட்டும் இல்லை. க்ளென்வுட் என்ற வீட்டுக்காகவும்தான். ஆனால் அது இப்போது இல்லை, 1955இல் இடித்துவிட்டார்கள். மதகுருவின் மகன் டிக் டேனாவும், ஆக்டேவியா டாக்கரி என்ற பெண்மணியும் அங்கே வாழ்ந்தார்கள். இரண்டு பேரும் நல்ல நிலையில் இருந்த குடும்பத்துப் பிள்ளைகள். கையில் காசில்லாமல், கூரை ஒழுகும் வீட்டில் ஆடுகளோடு வாழ்ந்தார்கள். பக்கத்து மாளிகையில் ஜென்னி மெரில், தூதராக இருந்தவரின் மகள். தன் நிலத்துக்குள் வந்து மேயும் விலங்குகளுக்காக அவர் இவர்களோடு ஓயாமல் சண்டை போட்டார். 1932 ஆகஸ்டு 4 இரவு மெரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

டேனா, டாக்கரி இருவரின் கைரேகையும் மெரிலின் வீட்டில் கிடைத்தன. சிலநாள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார்கள். பத்திரிகைகள் அந்த வீட்டுக்கு 'ஆட்டுக் கோட்டை' என்று பெயர் வைத்தன. கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். இருவரும் நுழைவுக்கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். கெட்டுப்போன பெருங்குடும்பம் என்று நாடே அவர்களுக்காக உருகியது.

தண்டனை வேறொருவருக்குப் போனது. வீட்டு வேலை செய்து பிழைத்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு. ஆயுள் தண்டனை, பார்ச்மன் சிறைப்பண்ணை. துப்பாக்கியால் சுட்டது அவர் என்று யாருமே சொல்லவில்லை. எட்டு வருடம் கழித்து, 1940இல் ஆளுநர் விடுவித்தார். அவர் பெயர் எமிலி பர்ன்ஸ்.

எமிலி. ஃபாக்னரின் கதை அச்சானது 1930 ஏப்ரலில். இரண்டே வருட வித்தியாசம், ஒரே மாநிலம். கதையின் எமிலியை ஊர் சாகும்வரை பொத்திப் பாதுகாத்தது. இந்த எமிலியைச் சில மாதங்களில் சிறைக்கு அனுப்பியது.

க்ளென்வுட் இருந்த பக்கம் காரை நிறுத்தினோம். இப்போது சாதாரணக் குடியிருப்பு. ஒருவர் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம்.

சாயங்காலம் ஆற்றோர மேட்டில் ஒரு பெஞ்சில் இருந்தோம். கீழே மிசிசிப்பி, சரக்குப் படகு ஒன்று மெதுவாகப் போகிறது. பையன் திடீரென்று கேட்டான்.

"அந்த டோப் யார்கிட்டயும் பேச மாட்டான்னு யார் பெரியம்மா சொல்றது?"

"ஊர் சொல்லுதுடா. 'நாங்கள்'."

"அந்த 'நாங்கள்' யாராவது ஃப்ரீட்மென் டவுன் பக்கம் போயிருப்பாங்களா? நாற்பது வருஷம் கடைக்குப் போய் வந்த ஆளு. ராத்திரி வேலை முடிஞ்சு அவன் எங்க போனான், யார்கிட்ட பேசினான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை. இருபத்தாறு வருடம் கதைசொல்லியை நம்பாதீர்கள் என்று பாடம் எடுத்திருக்கிறேன். அவன் குரல் துருப்பிடித்துவிட்டது என்ற வரியை மட்டும் நம்பியிருக்கிறேன்.

அந்த மாணவி இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவாள். இங்கே இரவு ஒன்பது, ஊரில் காலை ஏழரை. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். பரவாயில்லை என்று அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"நீ ஒரு தடவை ஒரு கேள்வி கேட்டே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.